காட்டுவழி நடக்கும்போது கத்தியை எங்கே, எப்படி வைத்துக்கொள்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. நீங்கள் புதிதாக மலைப்பக்கம் நடக்கக் கிளம்புகிறீர்கள், கத்தியும் வாங்கியாகிவிட்டது, பையில் போடுவதா இடுப்பில் கட்டுவதா என்று யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சரி, முதலில் பதில். கத்தி உறைக்குள் இருக்க வேண்டும். உறையை பெல்ட்டில் கோத்து, நீங்கள் புழங்குகிற கைப்பக்கம், இடுப்பின் பக்கவாட்டில் தொங்கவிட வேண்டும். பிடியை இழுத்துப் பிடிக்க ஒரு வார் அவசியம். முன்பக்கம் வைத்தால் குனியும்போதும் உட்காரும்போதும் நுனி தொடையைப் பார்த்து நிற்கும், தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கழுத்தில் மாட்டினால் புதரில் கயிறு சிக்கும். முதுகுப்பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

கத்தியை எடுக்க எது வசதி என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். வழுக்கி விழுந்தால் அது எங்கே குத்தும் என்று பார்த்துத்தான் இடம் முடிவு செய்ய வேண்டும்.

டெல்டாக்காரனுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள். எங்களுக்கு மலை கிடையாது, ஆனால் கொள்ளிடத்துப் படுகை இருக்கிறது. மூங்கிலும் நாணலும் சீமைக்கருவேலும் மண்டி, ஒரு மழைக்குப் பிறகு போனால் போன மாதம் நடந்த பாதையே தெரியாது. எங்கள் குலதெய்வம் படுகைக்குள்தான் இருக்கிறது, பொங்கல் வைக்கப் போகும்போது முன்னால் ஒருவர் அருவாளோடு முள்ளைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள் அப்படி முன்னால் போனது என் சித்தப்பா மகன். வெட்டருவாளைப் பழைய துண்டில் சுற்றி முதுகுப்பக்கம் இடுப்பில் செருகியிருந்தான். தென்னை ஏறுகிறவர்கள் அப்படித்தானே வைக்கிறார்கள் என்பது அவன் கணக்கு. மரம் ஏறுகிறவர் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுகிறார், முன்பக்கம் எதுவும் உரசக்கூடாது, அதனால் பின்னால் மாட்டுகிறார். நடக்கிறவனுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. கரைச்சரிவில் களிமண் வழுக்கி, அப்படியே உட்கார்ந்த வாக்கில் சறுக்கினான். துண்டைக் கிழித்துக்கொண்டு நுனி வெளியே வந்து, இடுப்புக்குக் கீழே நான்கு விரல்கடை நீளத்துக்கு வாய் பிளந்தது. அதே துண்டை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப் போனோம். முதுகெலும்பிலிருந்து கொஞ்சம் தள்ளி விழுந்ததால் தையலோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் தையல் போடும் முன்பு "யார் வெட்டியது?" என்று கேட்டார்கள். விழுந்தான் என்றோம். திரும்பவும் அதையே கேட்டார்கள், பிறகு போலீஸ்காரர் வந்து ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தார். வெட்டுக்காயம் என்றால் விசாரிக்க வேண்டியது அவர்கள் கடமை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அருவா என்றாலே அடிதடி என்று ஆகிவிட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் வீட்டில் அது ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற பொருள். தை அறுவடைக்கு முன்னால் ஊர்ப் பட்டறை வாசலில் கருக்கருவாள்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் கொல்லர் புதிதாகக் கருக்கு, அதாவது பல், வெட்டித் தருவார். கதிர் அறுக்கிற மெஷின் வந்ததும் அந்த வேலை நின்றது, பட்டறையைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். மெஷினுக்கு மானியம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த மனிதருக்கு ஒரு வழி செய்யத் தோன்றவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

உறை விஷயத்துக்கு வருகிறேன். கடை உறை பொருந்தவில்லை என்றால், போர் போட்டு மிச்சம் கிடக்கிற பிவிசி பைப்பே போதும். கத்தி அகலத்துக்கு ஏற்ற துண்டை, வீட்டுக்குள் இல்லாமல் வெளியில் வைத்து, தீ நேராகப் படாதபடி மெதுவாகச் சூடு காட்டினால் இளகும். அலகில் நாலு சுற்று காகிதம் சுற்றி உள்ளே விட்டு, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்திப் பிடித்தால் ஆறியதும் அச்சாக நிற்கும். கீழ்முனையில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை போடுங்கள். வாய்ப்பக்கம் கொஞ்சம் விரித்துவிட்டால் பார்க்காமலே உள்ளே தள்ளலாம் என்பார்கள், நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கத்தியை உறையில் போடும்போது கண் அங்கேதான் இருக்க வேண்டும். தோல் உறை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேதாரண்யம், முத்துப்பேட்டை உப்புக்காற்றில் தோலுக்குள்ளேயே விட்ட இரும்புக் கத்தி சீக்கிரம் துருவேறும். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவிவையுங்கள்.

மடக்குக்கத்தி என்றால் திறந்தபின் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பூட்டில்லாதது பழம் நறுக்க ஆகும், குச்சியில் அழுத்தினால் விரல் மேலேயே மூடும். பஸ்ஸில் போகும்போது எந்தக் கத்தியானாலும் உறையோடு பையின் அடியில் இருக்கட்டும், இடுப்பில் வேண்டாம்.

கடைசியாக, வன்முறையைத் தூண்டுகிறான் என்று யாராவது கிளம்பும் முன் நானே சொல்லிவிடுகிறேன். கோடியக்கரை மாதிரி சரணாலயத்துக்குள் கத்தி கொண்டுபோகாதீர்கள். 1967 முதல் அது வெளிமானுக்கான இடம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதில் கத்தியும் அடக்கம், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்ளே எடுத்துப் போகக்கூடாது. வேறு இடங்களிலும் 9 அங்குலத்தைத் தாண்டிய அலகு என்றால் ஆயுதச் சட்ட விதிகள் குறுக்கே வரும். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் என்று செய்த கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் அதை நடுரோட்டில் நின்று விளக்க வேண்டியது நீங்கள். நடைக்கு நாலு அங்குல அலகே தாராளம். வனத்துறை அனுமதியோடு போகிற பாதை என்றால் கிளம்பும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள், வேண்டாம் என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.