வெளிச்சம் பட்டால் கிருமி சாகுமா? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

(வெளிச்சம் பட்டால் கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்கப்படும் நானோ பூச்சு, அதாவது மிக நுண்ணிய துகள்கள் கொண்ட பூச்சு, பற்றி வந்த கேள்விகளுக்கு, சேலத்தில் வேதியியல் பாடம் எடுக்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சார், இந்தப் பூச்சில் மருந்து ஏதாவது கலந்திருக்கா? வெறும் வெளிச்சத்தில் கிருமி எப்படிச் சாகும்? (பிளஸ் டூ மாணவி, அம்மாபேட்டை)

பதில்: மருந்து இல்லம்மா. பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடுதான். சுவர் பெயின்ட்டுக்கு வெள்ளை நிறம் தருவதும் அதுவே; மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் அதற்கான தாது. நானோ துகளாக்கிப் பூசிய பரப்பில் புற ஊதா ஒளி பட்டால், துகளுக்குள் ஒரு எலக்ட்ரான் மேலே எழும்பும், அது இருந்த இடம் காலியாகும். எழும்பிய எலக்ட்ரான் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, எதையும் தாக்கும் சூப்பராக்சைடு ஆகும். காலி இடமோ, பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, பட்டதை உடனே தாக்கும் மூலக்கூறுத் துண்டை உண்டாக்கும். அது கண்ணிமைக்கும் நேரம்கூட நிலைக்காது. ஆனால் அதற்குள் பாக்டீரியாவின் உறையிலுள்ள கொழுப்பைச் சிதைத்துவிடும். உறை பொத்தலாகி உள்ளிருப்பது கசிந்துபோகும். துகள் தேயாது, அது வினையூக்கி மட்டுமே. 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளை வைத்து ஒளியால் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் என்று மட்சுநாகா குழு காட்டியது 1985-ல்.

கேள்வி: எங்க வார்டில் கட்டில் கம்பிக்கெல்லாம் இதை அடிச்சா, தினமும் துடைக்க வேண்டாம்னு சொல்றாங்க. நம்பலாமா சார்? (செவிலியர், சேலம்)

பதில்: துடைப்பதை விட்டுடாதீங்க சிஸ்டர், கெஞ்சிக் கேட்கிறேன். டைட்டானியம் டை ஆக்சைடின் சாதாரண அனடேஸ் படிக வகைக்கு 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம், அதாவது புற ஊதா ஒளி வேண்டும். வார்டில் எரியும் வெள்ளை எல்இடி டியூப்லைட்டில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நைட்ரஜன் சேர்த்த வகைகளும், மெத்திலீன் புளூ போன்ற சாயம் கலந்தவையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும். ஆகவே விற்பவரிடம் எந்த ஒளி, எத்தனை மணி நேரம், எந்தக் கிருமி என்று எழுதி வாங்குங்கள். அப்படியே நல்ல பூச்சாக இருந்தாலும் கம்பியில் சளியோ ரத்தமோ காய்ந்து படிந்தால் வெளிச்சம் அடியில் இறங்காது. ரேடிக்கலும் அந்தப் படிவைத் தாண்டி மேலே வராது. படிவின் மேல் இருக்கும் கிருமி சுகமாக இருக்கும்.

கேள்வி: வெள்ளியும் கிருமியைக் கொல்லுதாமே, அதுவும் இதே கதைதானா? (கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: வேற கதை அண்ணே. வெள்ளி அயனிகளுக்கு (மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்களுக்கு) வெளிச்சமே வேண்டாம், இருட்டிலும் கொல்லும்.

கேள்வி: ஏற்காட்டில் சின்னதா ஹோம்ஸ்டே நடத்துறேன். பனிமூட்டக் காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம். இந்த நானோ பூச்சை ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: காசைக் கரியாக்காதீங்க. ஓதம் ஏறிய, வெயில் வராத அறையில் இதற்கு வேலையே இல்லை. பூஞ்சண வித்துகள் பாக்டீரியாவைவிடக் கெட்டி. முதலில் ஒழுகலை அடைத்து, காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள். இன்னொன்று: டைட்டானியம் டை ஆக்சைடு நுண்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2பி பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. ஆள் தங்கும் அறையில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம்.

வெளியே வெயில் படும் கண்ணாடிக்கு வாங்குவதானால், முதலில் சோதித்துப் பாருங்கள். பூச்சு அடித்த துண்டு ஒன்று, அடிக்காத துண்டு ஒன்று. வண்ணமீன் கடையில் விற்கும் மெத்திலீன் புளூவைத் தண்ணீரில் கரைத்து, இரண்டின் மேலும் ஒரே அளவு சொட்டு விட்டு மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். பூச்சு வேலை செய்தால், அது அடித்த துண்டில் சாயம் சீக்கிரம் வெளுக்கும். வெயிலுக்கே சாயம் கொஞ்சம் வெளுக்கும், அதனால்தான் இரண்டாவது துண்டு. இரண்டும் ஒரே மாதிரி வெளுத்தால் வாங்காதீர்கள்.