பாலம் வந்தபின் லொறிக்காரன் எப்போது தூங்குகிறான்?

அன்பின் அண்ணனுக்கு,

போன மாதக் கட்டுரையில், பாலங்களும் காபெட் றோட்டும் (வழவழப்பான தார் றோட்டு) வந்தபிறகு லொறி றைவரின் வேலை சில விதத்தில் முன்னரைவிடக் கடினமாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. என் வாப்பா முதலில் பெட்போர்ட், பிறகு டாட்டா ஓட்டியவர். கொழும்புக்குப் போய்வர மூன்று நாலு நாள் பிடிக்கும். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய தோளை இன்றைக்கும் அவரால் சரியாகத் தூக்க முடியாது. என் தம்பி இப்போது கூலர் லொறியில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடைச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறான். பின்னேரம் வெளிக்கிட்டால் அடுத்தநாள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கிறான். ஏசி, பவர் ஸ்டியரிங், கையில் போன். இதைக் கஷ்டம் என்றால் வாப்பா பட்டதற்கு என்ன பெயர்? ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. தம்பி லொறி எடுக்கும் இரவுகளில் உம்மா தூங்குவதில்லை. வாப்பா ஓட்டிய காலத்தில், நாட்டில் சண்டை நடந்த நேரத்தைத் தவிர, அவ நன்றாகத் தூங்கினவ.

— ஒரு லொறிக்காரரின் மகன், கிண்ணியா

அன்புள்ள தம்பி,

கடைசி இரண்டு வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனாலும் இவ்வளவு கோபமாக எழுதியவருக்கு அதைமட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை.

முதலில் வாப்பாவின் தோள். அதில் நமக்குள் தகராறே இல்லை. நான் லொறி ஓட்டியவன் அல்ல. இளவயதில் திருகோணமலை நகரில் ஒரு லொறி முதலாளியிடம் கணக்கு எழுதினேன், அவ்வளவுதான். முற்றத்தில் நின்ற பழைய பெட்போர்ட்டில் ஒருநாள் றைவர் என்னை ஏற்றி ஓட்டிக் காட்டினார். கீழ்க்கியருக்கு வர வேண்டுமானால் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும், கிளச்சை விட வேண்டும், ஆக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை எழுப்ப வேண்டும், மறுபடி மிதித்துத்தான் கியர் போட வேண்டும். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள். கொஞ்சம் பிசகினால் கியர்ப்பெட்டி போடும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். கந்தளாய்க்குப் போவதற்குள் எத்தனை தரம் இதைச் செய்ய வேண்டும் என்று யோசித்தால் வாப்பாவின் தோள் ஏன் அப்படி ஆனது என்று விளங்கும்.

ஆனால் அந்தக் கைவண்ணத்தை இப்போது சிலர் கொண்டாடும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மனுசன் உடம்பைக் கொடுத்துச் செய்தான். அது ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். பவர் ஸ்டியரிங் வாழ்க.

நான் சொன்னது வேறு. வாப்பாவின் மூன்று நாலு நாளில் ஸ்டியரிங் பிடித்த நேரம் எவ்வளவு, நின்ற நேரம் எவ்வளவு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். மட்டக்களப்புப் பக்கம் போகும் லொறியென்றால் முதலில் உங்கள் ஊர்ப் பாதையில் ஏற வேண்டும். (இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆற்றைக் கடக்க வாகனத்தை ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் பாதை என்போம்.) கிண்ணியா தாண்டினால் உப்பாறு, கங்கை, இறால்குழி, அப்புறம் வெருகல் என்று துறைகள். ஒவ்வொரு துறையிலும் வரிசை. லொறி பலகையில் ஊர்ந்து ஏறும், றைவரின் உதவியாளான கிளீனர் பின்னால் கட்டையோடு நிற்பான், நின்றதும் சில்லுக்கு அடை வைப்பான். முறை வரும்வரை றைவர் லொறிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுப்பார். இரவு பாதை நின்றுவிட்டால் விடியும்வரை கரைதான். கறி காய்ச்சுவார்கள், குளிப்பார்கள், தூங்குவார்கள். அவசரக்காரர்கள் அல்லை–கந்தளாய் றோட்டால் சுற்றிப்போனார்கள். அந்த றோட்டின் லட்சணத்துக்கு அது அவசரமும் இல்லை.

கொழும்பு றோட்டில் பாதை இல்லை. அங்கே லொறியே ஆளை நிறுத்தியது. ரேடியேற்றர் கொதித்தால் ஆறும்வரை நிற்க வேண்டும். டக் பண்ணின (தேய்ந்ததற்கு மேல் புது ரப்பர் ஒட்டின) டயர் உரிந்தால் மாற்ற வேண்டும். டீசல் பைப்பில் காற்றுப் பிடித்தால் பம்பு அடித்துக் காற்றை எடுக்க வேண்டும். முதலாளிக்கு இதெல்லாம் நட்டம். நான் எழுதிய கணக்குப் புத்தகத்தில் ‘தாமதம்’ என்று ஒரு நிரல் இருந்தது. அந்தத் தாமதத்துக்குள் றைவரின் தூக்கம் இருந்தது என்பது முதலாளிக்கும் தெரியாது, றைவருக்கும் தெரியாது. யாரும் திட்டம்போட்டுக் கொடுத்த ஓய்வு இல்லையே.

சண்டைக்காலத்தில் நின்ற நேரம் இன்னும் கூடியது. ஆனால் அது ஓய்வாக இருக்கவில்லை. மூட்டை மூட்டையாக இறக்கி, கம்பியால் குத்திப் பார்த்து, மறுபடி ஏற்றுவது. சீனன்குடா ஆலையிலிருந்து வரும் கோதுமை மா மூட்டையில் கம்பி ஏறினால் மா சிந்தும். சிந்திய மா சம்பளத்தில் கழியும். படங்கை அவிழ்த்துக் கட்டி அவிழ்த்துக் கட்டி கிளீனர் பையன்களின் கை வெடித்திருந்தது. வெருகல் றோட்டால் போக முடியாத காலங்களில் மட்டக்களப்புச் சாமான் ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றிப் போனது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 றோட்டு மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்துக்குப் போன சாமானில் ஒரு பகுதி இங்கே திருகோணமலைத் துறைமுகத்துக்கு லொறியில் வந்துதான் கப்பலேறியது. அப்போது லொறிக்குள் படுத்தவர்கள் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு படுத்தவர்கள். உம்மாவின் தூக்கத்தைப் பற்றி எழுதும்போது நீங்கள் சண்டை நேரத்தைத் தவிர்த்தது நியாயம்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், அப்போது நாட்டிலேயே மிக நீளமான பாலம். பிறகு மற்றத் துறைகளிலும் பாலம் வந்தது, றோட்டும் காபெட் ஆனது. வேண்டாம் என்று சொல்பவன் மூடன். பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களைக் கண்ட ஊர் இது. நான் கேட்பது ஒன்றுதான்: மிச்சமான அந்த மணித்தியாலங்கள் யாருக்குப் போயின? வியாபாரிக்கு ஒரு ட்ரிப் கூடியது. முதலாளிக்கு லொறி சும்மா நிற்கும் நாள் குறைந்தது. றைவருக்கு? திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர், இரவில் ஆறு மணித்தியாலத்தில் ஓடலாம். ஓடலாம் என்றானதும் ஓடியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. முன்பு ‘பாதை ஓடவில்லை’ என்றால் பேச்சு முடிந்தது. இப்போது போன் அடிக்கிறது: எங்கே நிற்கிறாய், ஏன் நிற்கிறாய்.

உங்கள் தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மீனுக்கு விலை விடியுமுன்தான். அதனால் நள்ளிரவு தாண்டுவதற்குள் பேலியகொடையில் நிற்க வேண்டும். இறக்கி, காசு பார்த்து, அதிகாலை நாலு மணிக்குத் திரும்புகிறான் என்று வையுங்கள். எட்டு மணிக்கு ஹபரணை. முதல்நாள் காலை ஆறு மணிக்கு எழும்பி, இடையில் தூங்காதவன் என்றால் அப்போது 26 மணித்தியாலம் விழித்திருக்கிறான். 17 மணித்தியாலம் விழித்திருந்தவனின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவனுடையதுபோல் தடுமாறும் என்றும், 24 மணித்தியாலத்தில் அது 0.10 வீத அளவுக்குப் போகும் என்றும் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் 0.08 வீதத்தில் ஆளைப் பிடிக்கிறது. தம்பி வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டிருக்கமாட்டான். பொலிஸ்காரன் பலூன் ஊதச் சொன்னால் சந்தோசமாக ஊதிவிட்டு, குடித்தவனைவிட மோசமான நிலையில் போய்க்கொண்டிருப்பான். 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று செக்கன் கண் சொருகினால் லொறி 50 மீற்றர் தானாக ஓடியிருக்கும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் அந்த 50 மீற்றருக்குள் யானை நிற்கலாம். நிற்கிறதும்தான்.

ஏசியும் இதில் உதவாது. பழைய லொறியின் சூடும் இரைச்சலும் குலுக்கலும் ஆளை அலுக்கவைத்தன, ஆனால் கண்ணை மூடவிடவில்லை. காபெட் றோட்டில் மூடிய கண்ணாடிக்குள் போகும் லொறி ஒரு தொட்டில்.

பேச ஆளும் இல்லை. வாப்பாவோடு கிளீனர் போயிருப்பான். தேத்தண்ணி வாங்கித் தருவான், பேய்க்கதை சொல்வான், றைவர் தலை ஆடினால் தோளில் தட்டுவான். நாலைந்து வருடத்தில் அவனே றைவராவான். அந்தச் சம்பளம் இப்போது மிச்சம் என்று பல லொறிகளில் கிளீனர் இல்லை. அடுத்த றைவர் எங்கிருந்து வருவான் என்று யாருக்கும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

நீண்ட காலத்துக்குப் பிறகு லொறிகள் நாட்கணக்கில் நின்றது 2022இல். வருடத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460. அதுவும் கிடைத்தால்தான். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கின்றன, அதே ஊரில் வெற்று டாங்கியோடு றைவர்கள் வரிசையில் கிடந்தார்கள். அந்தத் தூக்கத்தை ஓய்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும், லொறியில் பூட்டிய கருவி அதைப் பதிந்துகொள்ளும். இங்கே பாதைத்துறை செய்த வேலையை அங்கே சட்டம் செய்கிறது. நம் பக்கம் அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நான் காத்திருக்கமாட்டேன். உங்கள் தம்பியும் காத்திருக்க வேண்டாம். வெளிக்கிடும் நாளில் பகலில் மீன் ஏற்றும் வேலைக்கு அவனைக் கூப்பிடக்கூடாது, அந்த நேரம் படுக்க வேண்டும் என்று முதலாளியிடம் பேசச் சொல்லுங்கள். திரும்பும்போது லொறி வெறுமை, மீன் கெடப்போவதில்லை, அவசரம் யாருக்கும் இல்லை. தம்புள்ளையில் நிறுத்தி ஒன்றரை மணித்தியாலம் படுக்கலாம். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் தூக்கத்தைத் தள்ளாது. கோப்பி கொஞ்ச நேரம் தாங்கும். உம்மாவுக்கு, பேலியகொடையில் இறக்கியதும் ஒரு கோல், தம்புள்ளையில் படுக்கப்போகும்போது ஒரு கோல். ஓடும்போது அவவும் எடுக்க வேண்டாம்.

வாப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். இறால்குழிப் பாதையில் லொறி ஏறி நின்றபின் முதலாம் கியரில் விடுவார்களா, நியூட்ரலில் விட்டுக் கட்டையை மட்டும் நம்புவார்களா? இங்கே இரண்டு பழைய றைவர்களிடம் கேட்டேன். இரண்டு பேரும் மற்றவருக்கு லொறியே ஓட்டத் தெரியாது என்கிறார்கள்.

அன்புடன்