சிறுநீர் தாராளமாகப் போகிறதே, பிறகு என்ன கோளாறு?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது, ஒல்லியான உடம்பு. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6 வந்திருக்கிறது. சிறுநீரகத்தின் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் அம்மாவுக்குச் சிறுநீர் நன்றாகவே போகிறது. இரவில் மூன்று முறை எழுந்து போகிறார். 1.2 வரை சரி என்றால் 0.4தானே கூடுதல்? டாக்டர் வீணாகப் பயமுறுத்துகிறாரா?
— ஒரு வாசகி

பதில்: இல்லை சகோதரி, டாக்டர் சொல்வது சரி. நான் மருத்துவர் அல்ல. 28 ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகத்தில், உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்த்தவன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் ஜன்னலோரம் நின்று என்னிடமும் இதையேதான் கேட்பார்கள்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும், வேலை குறைந்தால் ரத்தத்தில் தேங்கி ஏறும். தசை குறைந்த உடம்பில் அது உண்டாவதே குறைவு. 25 வயது ஆணுக்கு 1.2 இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 62 வயதுப் பெண்ணுக்கு 1.6 என்றால், கிரியாட்டினினை வயதோடும் பாலினத்தோடும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 36 மில்லிலிட்டர்தான். இளவயதில் அது 100க்கு மேல் இருக்கும். அம்மாவின் பழைய ரிப்போர்ட் இருந்தால் தேடிப் பாருங்கள். அன்று 0.7 இருந்திருந்தால், 1.4ஐத் தொட்டபோதே பாதி போயாயிற்று. அந்த இடைப்பட்ட காலத்தில் உடம்பு ஒன்றுமே காட்டிக்கொடுத்திருக்காது.

சிறுநீரின் அளவை நம்பாதீர்கள். நல்ல சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மற்றதையெல்லாம் ரத்தத்துக்கே திருப்பிவிடும். இரவில் சிறுநீரைக் கெட்டியாக்கி நம்மைத் தூங்கவிடும். பழுதான சிறுநீரகத்துக்கு அப்படிக் கெட்டியாக்க வராது. கழிவை வெளியேற்ற நிறையத் தண்ணீரையும் சேர்த்து விட்டாக வேண்டும். சோதித்தால் சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, எந்நேரமும் 1.010ஐ ஒட்டியே நிற்கும். அம்மா இரவில் மூன்று முறை எழுவதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. சர்க்கரையாலும் அப்படி வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஓர் இரவுப் பணியில் ஒரு நோயாளியின் பொட்டாசியம் 7.2 வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் 5ஐத் தாண்டக் கூடாத உப்பு அது. குழாயில் ரத்த அணுக்கள் உடைந்தாலும் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் முதலில் சீரத்தை, அதாவது அணுக்களைப் பிரித்தபின் மேலே நிற்கும் நீரை, பார்த்தேன். சிவப்பே இல்லை, தெளிந்த மஞ்சள். அப்படியென்றால் 7.2 உண்மைதான். வார்டுக்கு ஓடினேன். ஈசிஜியில் அலைகள் கூம்பு கூம்பாக எழுந்து நின்றன. இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போட்டு, டயாலிசிஸுக்கு அழைத்துப் போனார்கள். பிழைத்துக்கொண்டார். அவருக்கும் அன்று மாலைவரை சிறுநீர் போய்க்கொண்டுதான் இருந்தது.

உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை. ஆனாலும் அடுத்த முறை கிரியாட்டினினோடு நிறுத்தாமல் பொட்டாசியம், பைகார்பனேட், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் ஆகியவற்றையும் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பைகார்பனேட் குறைந்தால் ரத்தத்தில் அமிலம் தேங்குகிறது என்று பொருள். அது எலும்பையும் தசையையும் கரைக்கும். வைட்டமின் டி முழு வடிவம் பெறுவதும், சிவப்பணு உருவாகத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சுரப்பதும் சிறுநீரகத்தில்தான். அதனால்தான் எலும்பு வலியும் ரத்தசோகையும் இந்த நோயில் கூடவே வருகின்றன. மூட்டுவலிக்கு அம்மா தானாக மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? அந்த வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும், அப்படியென்றால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தண்ணீர் நிறையக் குடித்தால் கிரியாட்டினின் இறங்குமா?

பதில்: வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றி ஏறியிருந்தால் இறங்கும். சிறுநீரகமே பழுதாகி ஏறியது அப்படி இறங்காது. நோய் முற்றியவர்களுக்குக் குடித்த தண்ணீர் காலில் வீக்கமாகவும், நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் நிற்கும். எத்தனை லிட்டர் என்பதை உங்கள் எடையையும் வீக்கத்தையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.