வெள்ளையா, மஞ்சளா: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆல்ப்ஸ் நடையில் ஒரு சரிவில் வெள்ளையும் அடுத்த பள்ளத்தாக்கில் கந்தக மஞ்சளுமாக ஒரே சாயல் பூக்களைப் படமெடுத்தேன். கையேட்டில் இரண்டும் பல்சட்டில்லா அல்பைனா என்ற மலைப்பூ இனத்தின் துணையினங்கள் (இனத்துக்குள் வரும் உட்பிரிவுகள்) என்றிருக்கிறது. நிறத்தை வைத்தே பெயர் எழுதிவிடலாமா? மேலே போகப் போகச் செடி குட்டையாகிறதே, அதுவும் ஒரு துணையினமா?

எம்.

அன்புள்ள எம்.,

மஞ்சளில் பெரிய சிக்கல் இல்லை. அந்த இனத்தில் கந்தக மஞ்சள் என்றால் பெரும்பாலும் அபீஃபோலியா துணையினம்தான். வெள்ளைதான் காலை வாரும்.

நான் பூவைவிட முதலில் தரையைப் பார்ப்பேன். வெள்ளை அல்பைனா துணையினம் சுண்ணாம்புப் பாறை நிலத்தை விரும்பும், மஞ்சள் அமில மண்ணை. ஆனால் ஜெர்மனியின் பிராக்கன் மலையில், அமில மண் தரும் கிரானைட் பாறை மேலேயே வெள்ளைப் பூ பூக்கிறது. அது ஆல்பா. சிலர் துணையினம் என்பார்கள், சிலர் தனி இனமாகவே வைப்பார்கள். அதனால் வெள்ளைப் பூவும் அமில மண்ணும் சேர்ந்திருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். சுண்ணாம்பு மலையிலும் மழை மேல்மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோயிருந்தால் மஞ்சள் வளரும். பத்தடி தள்ளித் தெரியும் பாறையல்ல, வேர் நிற்கும் மண்தான் கணக்கு. கல் துணுக்கில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். டாலமைட் என்ற பாறையிலும் சுண்ணாம்பு உண்டு, ஆனால் ஏறக்குறைய சும்மா இருக்கும், ஆகவே நுரைக்கவில்லை என்பதால் அமில மண் என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, குட்டைச் செடி. கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹைசி என்ற தாவர ஆய்வாளர்கள் மூவரும் ஒரே செடியைத் துண்டாக்கிக் கடல்மட்டத்தை ஒட்டியும், சுமார் 1,400 மீட்டரிலும், 3,050 மீட்டரிலும் நட்டுப் பார்த்து, 1940இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துண்டுகள் இடத்துக்கேற்ப வளர்த்தியில் மாறின. ஆனால் வெவ்வேறு உயரங்களில் பிறந்த செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்தபோதும் அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடு போகவில்லை. குட்டைக்குக் குளிரும் காரணமாகலாம், பிறப்பும் காரணமாகலாம். படத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. போதாததற்கு, இந்தச் செடி பனி உருகியதும் குட்டைத் தண்டில் பூத்து, காய்க்கும்போது நீண்டுவிடும். எந்த மாதம் அளந்தீர்கள் என்பதும் முக்கியம்.

உங்கள் வெள்ளைப் படத்துக்கு இப்போதைக்கு இனப்பெயர் மட்டும் போதும். அடுத்தமுறை தரையையும் ஒரு படம் எடுங்கள். நான் ஒருமுறை வரிசையாக எல்லா வெள்ளைக்கும் அல்பைனா துணையினம் என்று எழுதிவைத்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு படத்தின் மூலையில் கிரானைட் மினுங்குவதைக் கவனித்தேன்.