நிறுவனங்கள் நடத்தும் தொண்டுத் திட்டங்களால் மக்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

"எங்கள் நிறுவனத்தில் ஊழியர்கள் தொண்டு செய்யவும் நன்கொடை கொடுக்கவும் ஒரு திட்டம் தொடங்கப் போகிறார்கள். ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இதனால் யாருக்காவது உண்மையான பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் நிச்சயம் உண்டு. ஆனால், என்ன தேவை என்பதைப் பெறுபவர்களிடம் கேட்காமல் கொடுப்பவர்களே முடிவு செய்தால் அந்தப் பயனில் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. நான் பெறும் பக்கத்தில் இருப்பவள். ஒரு சிறிய தொண்டு அமைப்பில், நிறுவனங்களிலிருந்து வரும் தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களை அழைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "சனிக்கிழமை நூறு பேர் வருகிறோம், ஏதாவது வேலை கொடுங்கள்" என்பதுதான். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நூறு பேருக்கு ஒரே நாளில் கொடுக்கக்கூடிய வேலை மிகக் குறைவு. சுவருக்கு வர்ணம் பூசலாம், மரக்கன்று நடலாம். குழி வெட்டிக் கன்றை வைப்பது ஒரு மணி நேர வேலை. அதற்கு இரண்டு கோடைக்காலம் தண்ணீர் ஊற்றப்போவது யார்? அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் நிறுவனத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ரத்த தான முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். மிக நல்ல காரியம். ஆனால் பல நிறுவனங்கள் ஒரே வாரத்தில், ஏதோ ஒரு சிறப்பு நாளை ஒட்டி முகாம் நடத்தினால் ரத்த வங்கி திணறிப்போகும். பிரித்தெடுத்த சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் அதிகபட்சம் 42 நாள் வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஆயுள் பொதுவாக 5 நாள்தான். அதுவும் அறை வெப்பத்தில், இடைவிடாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க மூன்று மாத அளவில் காத்திருக்க வேண்டும் என்பதால், அடுத்த மாதம் தட்டுப்பாடு வரும்போது அதே ஊழியர்களை அழைக்கவும் வழியில்லை. இதைவிட, விருப்பமுள்ளவர்கள் ரத்த வங்கியில் பதிந்துகொண்டு, அங்கிருந்து அழைப்பு வரும்போது சிலர் சிலராகப் போய்க் கொடுப்பது எவ்வளவோ மேல். அதற்கு நிறுவனம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேலை நாளில் அரைநாள் விடுப்பு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்குத் தட்டணுக்கள் தேவைப்படும் நாள் எது என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாதல்லவா?

எங்களுக்குக் கிடைத்த உதவிகளிலேயே பெரியது எது என்று கேட்டால், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகளில் வந்துகொண்டிருந்த ஒருவரைத்தான் சொல்வேன். அவர் வருவதற்கு முன்பு எல்லா நன்கொடையும் எங்கள் பேரேட்டில் ஒரே தலைப்பின்கீழ் இருந்தது. மருந்துக்கென்று வந்த பணத்தில் எவ்வளவு மிச்சம், படிப்புச் செலவுக்கு வந்ததில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று யாராவது கேட்டால், வவுச்சர் கட்டைப் பிரித்து உட்கார வேண்டும். அவர் ஒவ்வொரு நன்கொடைக்கும் தனிப் பத்தி போடவைத்தார். வவுச்சரின் மேல் மூலையில் எந்த நிதியிலிருந்து செலவு என்பதைப் பென்சிலால் குறிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு வரிகூட அவர் தன் கையால் எழுதவில்லை என்பது. எங்களிடம் கணக்கு எழுதும் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவரையே எழுதச் சொல்லி, சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் விளக்கினார். அடுத்த தணிக்கைக்கு வந்தவர் கேட்ட தாள்களையெல்லாம் அந்தப் பெண்ணே எடுத்து நீட்டினார். இப்போது அந்தக் கணக்காளர் வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஊழியர்கள் தம் தொழில்திறனைக் கொடுப்பது என்பது இதுதான். வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லலாம், கணினித் துறையினர் பயனாளிகள் பதிவேட்டைச் சீர்செய்யலாம். வெளியில் இதற்கெல்லாம் பணம் கொடுத்து ஆள் வைக்க எங்களைப் போன்றவர்களால் முடியாது.

"பணம் கொடுப்பது எளிது, நேரம் கொடுப்பதுதான் பெரிது" என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. செவிலியருக்கு மாதச் சம்பளம் பணமாகத்தான் போக வேண்டும். ஊழியர் கொடுக்கும் தொகைக்கு ஈடாக நிறுவனமும் அதே அளவு கொடுக்கும் முறை பழையது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் அறக்கட்டளை 1954இல், ஊழியர்கள் தாங்கள் படித்த கல்லூரிகளுக்குக் கொடுத்த நன்கொடைகளுக்கு இப்படி ஈடு கொடுக்கத் தொடங்கியது. காலணி தயாரிக்கும் டிம்பர்லேண்ட் நிறுவனம் 1992இல் தொண்டுக்கெனச் சம்பளத்துடன் கூடிய நேரம் ஒதுக்கியது. பின்னர் அது ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை உயர்ந்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 1999இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்தே பங்குகளில் 1%, தயாரிப்பில் 1%, ஊழியர் நேரத்தில் 1% என்று ஒதுக்கி வைத்தது. லாபம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் தொடக்கத்திலேயே எழுதிவைத்ததுதான் அதன் பலம். உங்கள் நிறுவனம் நன்கொடை கொடுப்பதானால், இந்தச் செலவுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாமல், ஒரே அமைப்புக்கு மூன்று ஆண்டுக்காவது தொடர்ந்து கொடுக்கச் சொல்லுங்கள். வாடகையும் மின்கட்டணமும் கட்ட யாரும் முன்வருவதில்லை. அவற்றைக் கட்டாமல் எந்தத் தொண்டும் நடக்காது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2% சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் இலவசமாகத் தரும் நேரத்தைப் பண மதிப்பாக்கி அந்தக் கணக்கில் காட்ட முடியாது. சிங்கப்பூரில் 2016 முதல், அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புகளுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனம், அந்த நேரத்துக்கான சம்பளச் செலவில் 250% வரை, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

பேரிடர் வந்தால் பொருள் சேகரிக்கத் தோன்றும். நேரில் கேட்டுவிட்டுச் சேகரியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. எடுத்து உடுத்த மக்கள் மனம் ஒப்பவில்லை. அவற்றை அப்புறப்படுத்துவதே தனி வேலையானது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், அருகிலுள்ள இரண்டு மூன்று அமைப்புகளுக்கு நேரில் போய், "உங்களால் எந்த வேலைக்கு ஆள் வைக்க முடியவில்லை?" என்று கேளுங்கள். நாங்கள் உடனே மனம் திறந்து சொல்லிவிட மாட்டோம். நன்கொடை கொடுப்பவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல எங்களுக்குப் பயம் உண்டு. அதனால் இரண்டாவது முறையும் போங்கள்.

கடைசியாக, உங்கள் சக ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யார் எவ்வளவு கொடுத்தார், யார் வரவில்லை என்பது மேலாளர்களின் கண்ணில் படக் கூடாது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு சனிக்கிழமை வர முடியாதவர் அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. சம்பளத்தில் பிடித்தம் செய்வதானால் ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கி, எந்த மாதம் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதை அந்தப் படிவத்திலேயே அச்சடித்துக் கொடுங்கள்.