நியூஸ்பேப்பர் மட்டும் ஏன் மஞ்சளாகுது?

கேள்வி: சார், மாடியில கிடந்த நியூஸ்பேப்பர் ரெண்டு நாள் வெயில்லயே மஞ்சளாயிருது, பக்கத்துலயே கிடந்த பையன் நோட்டு அப்படியே வெள்ளையா இருக்கு. நோட்டுக்கு ப்ளீச்சிங் பவுடர் அதிகமா போடுவாங்களா? பழைய பேப்பர் கட்டிங்கை நாமளே ப்ளீச் பண்ணலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: பவுடர் கூடக்குறைய போடுற சமாச்சாரம் இல்லண்ணே, எல்லாம் லிக்னின் பண்ற வேலை. மரத்துல நார்களையெல்லாம் ஒட்டிப் பிடிச்சிருக்கிற பசை அது, மரத்துல கால்வாசி கிட்ட அதுதான். நியூஸ்பேப்பர்ல பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைச்ச கூழ் கலந்திருக்கும், லிக்னின் உள்ளயே தங்கிரும், பெராக்சைடு போட்டு நிறத்தை மட்டும் வெளுக்க வைப்பாங்க. நம்ம மதுரை வெயில் பட்டா மஞ்சள் எட்டிப் பாத்துரும்.

நோட்டு பேப்பர் கதை வேற. மரச்சில்லை காஸ்டிக் சோடா, சோடியம் சல்பைடு கலந்த தண்ணில 170 டிகிரி பக்கத்துல வேகவைப்பாங்க, பெரும்பகுதி லிக்னின் கரைஞ்சு கருப்புத் தண்ணியா வந்துரும், அதையும் விடமாட்டாங்க, கெட்டியாக்கி பாய்லர்ல எரிச்சு கரண்ட் எடுத்துருவாங்க. கரூர் பக்கம் டிஎன்பிஎல் பேப்பர் மில்லுல கரும்புச் சக்கையும் போடுறாங்க, அதுல லிக்னின் கொஞ்சம் கம்மி, சீக்கிரம் வெந்துரும். ஆனா எதை வேகவச்சாலும் கடைசியா கொஞ்சம் நாரோட ஒட்டிக்கிட்டு போகமாட்டேங்கும், அட்டைப்பெட்டியோட பிரவுன் கலர் அதுதான். இன்னும் வேகவச்சா நாரே அறுந்து பேப்பர் வலுவில்லாம போயிரும், அதனாலதான் அங்க நிறுத்திட்டு ப்ளீச்சிங்குக்கு தள்ளுறாங்க.

அங்க முதல்ல பிரஷர்ல ஆக்சிஜனும் காஸ்டிக்கும், மிச்சத்துல பாதி இதுலயே காலி. அப்புறம் குளோரின் டை ஆக்சைடு, காஸ்டிக், மறுபடி குளோரின் டை ஆக்சைடு. டை ஆக்சைடு லிக்னினை உடைக்கும், உடைஞ்சதைக் கரைச்சு வெளிய தள்ளுறது காஸ்டிக், நடுவுல கழுவல் சரியில்லைன்னா அடுத்த தொட்டி கெமிக்கல் அழுக்குக்கே செலவாகிரும். எவ்வளவு மிச்சம்னு பாக்க லேப்ல கூழை பர்மாங்கனேட்ல போடுவாங்க, லிக்னின் இருக்கிற அளவுக்கு அந்த ஊதா தண்ணியைத் தின்னுரும், அந்தக் கணக்குக்குப் பேரு காப்பா நம்பர். முன்னாடி நேரா குளோரின் வாயுவையே விட்டாங்க, 1980கள்ல ஆலைக் கழிவுத்தண்ணில டையாக்சின்கிற விஷம் இருக்கிறது தெரிஞ்சு பெரிய சத்தமான அப்புறம்தான் டை ஆக்சைடுக்கு மாறினாங்க, நல்ல காரியம்தான்.

கட்டிங்கை பவுடர் தண்ணில முக்கிராதீங்கண்ணே, நைஞ்சு கையோட வந்துரும். இப்பவே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு ஒரிஜினலை பீரோல வெளிச்சம் படாம வச்சிருங்க.