சிலுவையில் மாண்டவரை மேசியா என்று நம்பலாமா? – வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அறைத்தோழி ஒரு நாள், "மேசியா வந்தா போரெல்லாம் ஓஞ்சிரும்னு உங்க வேதத்துலயே இருக்கே, இயேசு வந்து எந்தப் போர் ஓஞ்சுது?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஊரில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டால், "விசுவாசிக்கணும், விசாரிக்கக் கூடாது" என்கிறார்கள். இயேசுதான் மேசியா என்பதற்கு நியாயமான ஆதாரம் உண்டா? இல்லை, தாத்தா காலத்திலிருந்து வந்த வீட்டு வழக்கம்தானா? – கல்லூரி மாணவி

பதில்: விசாரிக்கக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை, மகளே. பவுல் சொன்னதை அப்படியே விழுங்காமல், காரியங்கள் இப்படி இருக்கிறதா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் நடபடிகள் 17-ம் அதிகாரம் 'நற்குணசாலிகள்' என்றே சொல்கிறது. நீ அந்த வரிசையில் நிற்கிறாய். தைரியமாகக் கேள்.

மேசியா என்றால் தேவன் அனுப்புவார் என்று யூதர்கள் காத்திருக்கும் ராஜா. உன் தோழி கேட்டது யூதர்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்று ஏசாயா 2-ல் இருக்கிறது. அது நடக்கவில்லை. மிச்சமெல்லாம் இரண்டாம் வருகையில் என்று நாம் சொல்கிறோம். நானும் அதை நம்புகிறேன். ஆனால் அது விசுவாசம். நம்பாத ஒருத்தியிடம் அதை ஆதாரமாக நீட்டக் கூடாது.

கன்வென்ஷன் பந்தலில் ஒப்பிக்கிற தீர்க்கதரிசனப் பட்டியலையும் அவளிடம் கொண்டுபோகாதே. சகரியா 9:9-ல் ராஜா கழுதையின்மேல் வருகிறார். மாற்கு ஒரே ஒரு கழுதைக்குட்டியைச் சொல்கிறார். மத்தேயு கழுதை, குட்டி என்று இரண்டைக் கொண்டுவருகிறார். பழைய வசனத்தை மனதில் வைத்துக்கொண்டே மத்தேயு எழுதினார் என்பது படித்தாலே தெரியும். 'வசனத்துக்கு ஏற்ப எழுதிவிட்டார்கள்' என்று அவள் சொன்னால் நீ என்ன செய்வாய்? மற்றவர்களுக்காகப் பாடுபட்டுச் சாகும் ஊழியனைச் சொல்லும் ஏசாயா 53 இதைவிட வலுவானது. சாக்கடலோரம் கும்ரான் குகையில் 1947-ல் கிடைத்த ஏசாயாச் சுருள் இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய 100 வருஷம் முந்தியது. பின்னால் வந்த கிறிஸ்தவர் யாரும் அதில் கை வைத்திருக்க முடியாது. ஆனாலும் அங்கே பாடுபடும் ஊழியன் இஸ்ரவேல் ஜனம்தான் என்று யூதர்கள் வாசிக்கிறார்கள். 49:3 அப்படித்தான் சொல்கிறது, அதையும் ஒதுக்க முடியாது.

அப்படியானால் எதை நம்பி நிற்பது? எனக்குப் பாரமாகத் தெரிவது அந்தச் சிலுவைதான். மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்பது உபாகமம் 21:23. ரோமன் கையில் அப்படிச் செத்தவரை மேசியா என்று சொல்ல எந்த யூதனுக்கும் மனசு வராது. கி.பி. 132-ல் பார் கோக்பா என்ற யூதத் தலைவன் ரோமருக்கு எதிராக எழும்பினான். ரபி அகிபா போன்ற பெரிய போதகரே அவனை மேசியா என்றார். அவன் பேரால் நாணயம்கூட அடித்தார்கள். 135-ல் அவன் செத்தான், அதோடு முடிந்தது. அவன் எழுந்தான் என்று யாரும் சொல்லவில்லை. தோற்ற மேசியா மேசியா அல்ல, அவ்வளவுதான் கணக்கு.

இயேசு விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு ஏன் தப்பியது? பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபம் எழுதியது கி.பி. 55-ஐ ஒட்டி. சிலுவைக்கும் அதற்கும் இடையே 25 வருஷம் இருக்கலாம். 15-ம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்லி, உயிர்த்தவரைக் கண்டவர்களை வரிசையாக அடுக்குகிறார்: கேபா (பேதுருதான்), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு. அந்த ஐந்நூறு பேரில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். போய்க் கேள் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

இதில் இயேசுவின் சகோதரன் யாக்கோபு பெயரில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். இயேசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 ஒளிக்காமல் சொல்கிறது. (அவர்களை உறவுமுறைச் சகோதரர் என்பார்கள் கத்தோலிக்க மக்கள், அதனால் இந்த வாதம் கெட்டுவிடாது.) அதே யாக்கோபு பிறகு எருசலேம் சபைக்குத் தூணாகி, கி.பி. 62-ல் கல்லெறியுண்டு சாகிறார். இதை எழுதிவைத்தவர் கிறிஸ்தவர் அல்ல, யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கூடப்பிறந்தவன் தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் கையெழுத்துக்கு உள்ள மதிப்பே தனி. கூட வளர்ந்த அண்ணனை மேசியா என்று சொல்ல, அதற்காகச் சாக, யாக்கோபுக்கு என்ன ஆதாயம்?

துக்கத்தில் கண்ட தோற்றம் என்று உன் தோழி சொல்லலாம். யாக்கோபுக்குத் துக்கம் இருந்திருக்கும், சரி. சபையைத் துன்பப்படுத்தித் திரிந்த பவுலுக்கு என்ன துக்கம்? கல்லறைக் கதையையும் பார். பெண்களின் சாட்சி செல்லாது என்று ஜோசிபஸே எழுதிய காலம் அது. பவுலின் பட்டியலில் பெண்கள் பெயர் இல்லை. நான்கு சுவிசேஷங்களிலோ வெறுமையான கல்லறைக்கு வந்தவர்களில் மகதலேனா மரியாள்தான் முன்னால் நிற்கிறாள். கட்டிவிடுகிறவன் பேதுருவையல்லவா முதலில் அனுப்பியிருப்பான்?

ஒரு எச்சரிக்கை. 'அவரே கிறிஸ்து' என்று ஜோசிபஸ் ஓரிடத்தில் எழுதியதாக ஒரு பத்தியைக் காட்டுவார்கள். அதில் பின்னால் கிறிஸ்தவர் கை பட்டிருக்கிறது. நம் ஏடுகளில் உள்ள இடைச்செருகல் மாதிரி. அதைத் தொடாதே. ரோம ஆளுநர் பிலாத்துவின் கீழ் கிறிஸ்து கொல்லப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் வெறுப்போடு எழுதியிருக்கிறார். அது போதும்.

ஆகக்கூடி, கண்டோம் என்று அவர்கள் மனதார நம்பினார்கள், அது வெகு சீக்கிரத்தில் நடந்தது. இதுவரை வரலாறு வரும். தேவன்தான் எழுப்பினார் என்பதை எந்த ஏடும் நிரூபிக்காது. அந்த அடியை நான் விசுவாசத்தால் வைத்தேன், முழு மனதோடு வைத்தேன். உன் தோழி வைக்கவில்லை என்றால் அவளை மட்டமாக நினைக்காதே.

கேள்வி: நம் ஜில்லாவில் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றித்தானே சபை வளர்த்தார்கள்? அந்த நம்பிக்கைக்கு என்ன மதிப்பு? – ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 1877 பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தது உண்மை. பசித்தவன் சோறு கிடைத்த இடத்துக்குப் போனான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஒருவன் ஏன் வந்தான் என்பது ஒரு கேள்வி, வந்த இடத்தில் சொல்வது மெய்யா என்பது வேறு கேள்வி. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் 1827-ல் பிறந்த கிருஷ்ண பிள்ளையைப் பாருங்கள். கம்பனில் ஊறிய தமிழ்ப் புலவர், சாயர்புரத்தில் தமிழ் ஆசிரியர். படித்து, நண்பர்களோடு விவாதித்து, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். எந்தக் கஞ்சிக்கு? அதற்கு முன்னால், 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டானதே, விசுவாசத்துக்காக அடிபட்டு ஊரைவிட்டு வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்றுதான்.

கேள்வி: முதல்முறையாக வாசிக்கிறவன் எங்கே தொடங்குவது? – ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: மாற்கு. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிக்கலாம். மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டும் 16-ம் அதிகாரம் 8-ம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். பிறகு கொரிந்தியர் முதல் நிருபம் 15, அப்புறம் ஏசாயா 40 முதல் 55 வரை. சந்தேகம் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.